கல் கிடைக்காத சாலை

பிரசவம் பார்ப்பதை உங்களுக்குப் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். கையை எப்படிக் கழுவ வேண்டும், கொடியை எங்கே வெட்ட வேண்டும், எப்போது பொறுத்திருக்க வேண்டும், எப்போது பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஆனால் தூக்கிக்கொண்டு ஓடும் ஜீப்பைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டார்கள். எனக்கும் சொல்லவில்லை. நாளைக்கு இந்த ஹெல்த் சென்டரை விட்டு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறேன். எனக்குப் பின்னால் இந்த வண்டியில் ஏறப் போகிற தங்கைகளுக்கு எழுதி வைக்க என்னிடம் முக்கியமாக இருப்பது ஒரு சக்கரத்தைப் பற்றித்தான்.

என்னைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன், அது இந்தக் கதைக்கு வேண்டும். என் ஊர் நார்த்தாமலைப் பக்கம். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கைநாட்டு வைக்காமல் கையெழுத்துப் போட்ட முதல் ஆளும் நான்தான். அதை அன்றும் பெருமையாகச் சொன்னேன், இன்றும் அப்படியே சொல்கிறேன். என் அய்யா மாட்டு வண்டி ஓட்டுகிறவர். எங்கள் பக்கத்துப் பாறைகளில் கொத்திய அம்மி, ஆட்டுக்கல், திருகை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு கிழக்கே அறந்தாங்கி, மீமிசல் பக்கமெல்லாம் போய் விற்றுவிட்டு வருவார். கடற்கரைச் சீமையில் கல் கிடையாது. களிமண்ணும் மணலும்தான். அதனால் எங்கள் ஊர்க் கல்லுக்கு அங்கே எப்போதும் கிராக்கி. கல் இல்லாத ஊர்கள் இருந்ததால்தான் நான் படித்தேன். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. சிறு வயதில் அந்தக் கல் வண்டியின் பின்னால் உட்கார்ந்து எத்தனையோ தடவை போயிருக்கிறேன்.

படித்து முடித்து வெள்ளைச் சேலை கட்டிய பிறகு அந்த வண்டியை நான் நினைக்க விரும்பவில்லை. என்னை யாரும் வண்டிக்காரன் மகள் என்று சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன்.

இந்த சென்டருக்கு நான் வந்தபோது ஜீப்பை ஓட்டியவர் இபுராகிம். ஜெகதாப்பட்டினத்துக்காரர். முப்பது வயது இருக்கும். வாய் ஓயாது. வண்டியை ஏதோ வீட்டு மாடு மாதிரி நடத்துவார். காலையில் பல் துலக்கியதும் நாலு டயரையும் உள்ளங்கையால் தடவிப் பார்ப்பார். சந்தைக்கு மறுநாள் இன்னும் கூடுதலாகத் தடவுவார், ஏனென்றால் சந்தை மாடுகளின் லாட ஆணி ரோடெல்லாம் விழுந்து கிடக்கும். பின்னால் மாட்டியிருக்கும் ஸ்டெப்னியைக் குத்திக் குத்திப் பார்ப்பார். "ஓடுற நாலுக்குக் காத்து இருக்கான்னு ஊரே பாக்கும் நர்சம்மா. சும்மா கெடக்குற அஞ்சாவதுக்குக் காத்து இருக்கான்னு நாந்தான் பாக்கணும்" என்பார்.

ஜீப்பின் பின் ஆசனத்துக்கு அடியில் இரண்டு கருவேலங்கட்டைகள் கிடக்கும். ஒரு பக்கம் ஆப்பு மாதிரி சாய்வாகச் செதுக்கியவை. தேங்காய்க் கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்கும். எண்ணெயும் மண்ணும் ஏறிக் கறுத்திருக்கும். சக்கரம் கழற்ற வேண்டி வந்தால், கழற்றாத சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுக்க அவை. பார வண்டிக்காரர்கள் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தும்போது வைப்பது மாதிரியே இருக்கும். என் அய்யா வண்டியிலும் அப்படி ஒன்று கயிற்றில் தொங்கும்.

ஒரு தடவை மேலதிகாரி பார்வையிட வருவதாகச் செய்தி வந்தது. நான் ஜீப்பைச் சுத்தம் செய்யச் சொல்லி, பின்னால் பிரசவப் பெட்டியும் பால் பவுடர் டின்களும் அடுக்க இடம் பார்த்தேன். கட்டைகள் கண்ணில் பட்டன.

"இதென்ன அண்ணே, பார வண்டியா? எடுத்து வெளிய போடுங்க."

"பாரந்தானம்மா எல்லாமே" என்று சிரித்தார். "கெடந்துட்டுப் போகட்டும். சோறா கேக்குது?"

"கல்லுக்கா பஞ்சம்? ரோட்டோரம் ரெண்டைப் பொறுக்கி வச்சாப் போச்சு."

"நீங்க எந்தப் பக்கம்?"

"நார்த்தாமலைப் பக்கம்."

"அதான்!" என்று தொடையில் தட்டிச் சிரித்தார். "அங்கிட்டுக் காக்கா ஒக்காரக்கூடப் பாறை இருக்கும். இங்கிட்டு வாங்க, நாயை வெரட்டக் கல்லு தேடுனா பொழுது எறங்கிப் போகும்."

நான் சிரிக்கவில்லை. ஒரு டிரைவர் என் ஊரை வைத்துக் கேலி பேசுவதா என்று இருந்தது. இன்னொரு முறை கண்டிப்பாகச் சொன்னேன். அவர் கட்டைகளை எடுத்துக்கொண்டு போய் அடுப்புக் கொட்டகை ஓரம் வைத்தார். வாட்ச்மேன் மனைவிக்கு விறகு ஈரமாக இருந்த ஒருநாள் அவை அடுப்புக்குள் போயின. எங்கள் ஊசிகளும் கத்தரிகளும் கொதித்த அடுப்பு அது.

அதிகாரி வந்தார், பார்த்தார், போனார். வண்டிக்குள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பத்து நாள் கழித்து இபுராகிம் வந்து, "வேற ரெண்டு கட்டை வெட்டிப் போட்டுக்கட்டுமா?" என்று கேட்டார். "ஒங்க இஷ்டம். என் சாமான் மேல அழுக்குப் படக் கூடாது" என்றேன். அதை என் சம்மதமாக அவர் எடுத்துக்கொள்ளவில்லை. சரியாகத்தான் புரிந்துகொண்டார்.

மாசி மாதத்தில் ஒருநாள், சந்தைக்கு மறுநாள், ஆவுடையார்கோயிலுக்குத் தெற்கே ஒரு கிராமத்திலிருந்து ஆள் வந்தது. பஞ்சவர்ணம் என்ற பெண்ணுக்கு முந்தின நாளிலிருந்து வலி. போய்ப் பார்த்தேன். குழந்தை குறுக்கே கிடந்தது. என் கையால் ஆகிற காரியம் இல்லை. அறந்தாங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனால் தாயாவது பிழைப்பாள் என்று தெரிந்தது. அதைச் சொன்னதும் அவளுடைய மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குப் போன யாரும் திரும்பி வந்ததில்லை என்றாள். ஒரு மணி நேரம் வாதாடினேன். கடைசியில் தானும் வண்டியில் வருவதாக இருந்தால் அனுப்புகிறேன் என்றாள். சரி என்று இருவரையும் பின்னால் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது.

ஊரை விட்டு அரை மைல் இருக்கும். ரோடு கண்மாய்க்கரை மேல் ஏறிப் போய்ச் சரிவாக இறங்கும் இடத்தில் பின் வலது டயர் போயிற்று. தேய்ந்த டயர். புதியது கேட்டு எழுதி நாலு மாதம் ஆகியிருந்தது. இபுராகிம் இறங்கிப் பார்த்து, லாட ஆணியை இரண்டு விரலால் இழுத்துக் காட்டினார்.

"மாட்டுக்குப் போட்டது நமக்குப் போட்டுருச்சு. ஸ்டெப்னி நல்லாருக்கு, பயப்படாதீங்க. எல்லாரும் எறங்குங்க. பிள்ளத்தாச்சியவும் எறக்கிரணும்."

மாமியார் உள்ளேயிருந்து கத்தினாள். "உச்சி வேளையில கண்மாய்க்கரையில எறக்கிக் கெடத்துறதா? என் கொலத்த அழிக்கவா வந்தீக? மாட்டேன்."

தங்கைகளே, அங்கே ஒரு புளியமரம் இருந்தது. நிழல் இருந்தது. வண்டியில் ஸ்ட்ரெச்சர் துணி இருந்தது. இப்படிப்பட்ட பேச்சையெல்லாம் எதிர்த்து எத்தனையோ வீடுகளில் ஜெயித்தவள் நான். அன்றைக்கு ஏற்கெனவே ஒரு சண்டை போட்டு முடித்திருந்தேன். இன்னொன்றுக்கு நேரம் இல்லை என்று நினைத்தேன்.

"இருக்கட்டும் அண்ணே. சீக்கிரம் மாத்துங்க" என்றேன்.

அவர் கைப்பிரேக்கை இழுத்து வைத்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார். நானும் பார்த்தேன். இரண்டு பக்கமும் அறுத்து முடித்த வயல், வெடித்த களிமண், கருவேலஞ்செடி. கல் இல்லை. ஒரு கைப்பிடி அளவுக்குக்கூட இல்லை. எங்கள் ஊரில் நடந்தால் காலை இடிக்கும் அந்தச் சனியன், அங்கே கண்ணுக்கு எட்டிய வரை ஒன்று இல்லை. என் அய்யா ஏன் அத்தனை தூரம் கல்லைச் சுமந்துகொண்டு இந்தப் பக்கம் வந்தார் என்பது அந்த நிமிஷத்தில்தான் என் நெஞ்சில் உறைத்தது.

ஊரிலிருந்து நாலைந்து ஆண்கள் எங்கள் பின்னாலேயே ஓடி வந்திருந்தார்கள். அவர்களிடம் இபுராகிம் கேட்டார். "ரெண்டு கல்லு கெடைக்குமா, மாமா?"

அவர்களில் ஒருவர், "எங்கூர்ல கல்லு சோத்துக்குள்ளதான் கெடைக்கும், மருமகனே" என்றார். மற்றவர்கள் சிரித்தார்கள்.

இபுராகிமும் சிரித்துவிட்டு என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நர்சம்மா, இந்த வண்டி கைப்பிரேக்கு ஒரு மாதிரி. பின் சக்கரம் ஒண்ணத் தூக்கிட்டா, அது பிடிச்சும் பிடிக்காத கதைதான். எறக்கம் வேற. ஊருக்குள்ள ஓடிப் போயி ரெண்டு அம்மிக்குழவி தூக்கியாரச் சொல்லுறேன். அரை மணியில வந்துரும்."

உள்ளே பஞ்சவர்ணம் ஒரு தினுசாக முனகினாள். வலி மாறிப்போன முனகல். அதை ஒருமுறை கேட்டால் நீங்களும் மறக்க மாட்டீர்கள்.

"அரை மணி கெடையாது" என்றேன். "மண்ணாங்கட்டி இத்தனை கெடக்கே. அத வைங்க."

அவர் என்னைப் பார்த்தார். கட்டைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம். ஆண்கள் வயலிலிருந்து பெரிய களிமண் கட்டிகளைப் பெயர்த்து வந்தார்கள். காய்ந்த களி கல் மாதிரிதான் இருக்கும், தட்டினால் சத்தம்கூட வரும். அவற்றைச் சக்கரங்களுக்கு முன்னால் அடுக்கினார்கள். ஜாக்கி மண்ணில் புதையாமல் இருக்க ஒரு பலகையைப் போட்டார். சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளைத் தளர்த்தினார். எல்லாம் சரியாகத்தான் செய்தார். வண்டியைத் தூக்கினார், சக்கரத்தைக் கழற்றினார், ஸ்டெப்னியை உருட்டி வந்து வைத்துவிட்டு, அதைத் தூக்கி மாட்டுவதற்காக வண்டி ஓரம் உட்கார்ந்து வலது காலை உள்ளே நீட்டினார்.

வலியில் பஞ்சவர்ணம் துள்ளிப் புரண்டாள். வண்டி ஒரு குலுக்குக் குலுங்கியது. களிமண் கட்டி ஒன்று பொடியாகிற சத்தம் எனக்குக் கேட்டது. சின்னச் சத்தம், முறுக்கு நொறுங்குகிற மாதிரி. ஜீப் முன்னால் ஒரு முழம் நகர்ந்து ஜாக்கியிலிருந்து விழுந்தது.

அவர் கத்தவில்லை. "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னார், ஏதோ மறந்துபோனது ஞாபகம் வந்த மாதிரி. சக்கரம் இல்லாத அந்த இரும்பு அவருடைய வலது பாதத்தின் மேல் உட்கார்ந்திருந்தது.

ஆண்கள் தோள் கொடுத்துத் தூக்கினார்கள். நான் அவரை அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். பாதத்தைப் பார்த்தேன். பார்த்ததை எழுதப் போவதில்லை. பிரசவத்துக்கு வைத்திருந்த பஞ்சையும் துணியையும் எல்லாம் வைத்துக் கட்டினேன்.

கட்டி முடித்து நிமிர்ந்தபோது கரை மேல் ஒரு பெண் வந்துகொண்டிருந்தாள். தலையில் சும்மாடு, சும்மாட்டின் மேல் அம்மிக்குழவி. பின்னால் இன்னொருத்தி, அவள் தலையிலும் ஒன்று. அவர்களை யாரும் அனுப்பவில்லை. முன்பு இபுராகிம் கேட்டதை ஒருவர் போய் வீட்டில் சொல்லியிருக்கிறார். கேட்ட மாத்திரத்தில் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். அரை மணிகூட ஆகியிருக்கவில்லை.

குழவிகளை இறக்கி வைத்தார்கள். கறுப்பு, நல்ல பதமான கல். அது எந்தப் பாறை என்று எனக்குப் பார்த்ததும் தெரிந்தது.

அந்தக் குழவிகளை முட்டுக் கொடுத்து, பஞ்சவர்ணத்தை இறக்கிப் புளியமரத்தடியில் படுக்க வைத்து, வண்டியை மறுபடி ஜாக்கியில் தூக்கி, சக்கரத்தை நான் மாட்டினேன். மாமியார் இந்தத் தடவை தடுக்கவில்லை. தரையில் கிடந்தபடியே இபுராகிம் சொல்லிக்கொண்டு வந்தார். "எதிரும் புதிருமா முடுக்குங்க. ஒரே பக்கமா முடுக்காதீங்க. வண்டிய எறக்குன பின்னால இன்னொரு தடவை." என் சேலையெல்லாம் கிரீஸும் ரத்தமும். வண்டி அச்சுக்கு மை போட்ட கை என் அய்யாவுடையது. அன்றைக்கு என் கையும் அதே மாதிரி இருந்தது.

ஓட்ட ஆள் கிடையாது. மாட்டு வண்டி கட்டினால் அறந்தாங்கி போய்ச் சேரப் பொழுது சாய்ந்துவிடும். இபுராகிம் தன்னை ஸ்டியரிங் முன்னால் தூக்கி உட்கார வைக்கச் சொன்னார். அந்த ஜீப்பில் கையால் இழுத்து வைக்கிற ஆக்ஸிலேட்டர் ஒன்று உண்டு. அதை இழுத்து வைத்து, இடது காலால் கிளட்சையும் பிரேக்கையும் மாற்றி மாற்றி மிதித்து, இரண்டாம் கியரிலேயே அறந்தாங்கி வரை ஓட்டினார். வாய் ஓயாத மனிதர் வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, "பொண்ண மொத எறக்குங்க" என்றார்.

பஞ்சவர்ணத்தைக் காப்பாற்றினார்கள். குழந்தை இல்லை. இபுராகிமுக்கு வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள்.

விசாரணை வந்தது. இபுராகிம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார், நான் பக்கத்தில் நின்றேன். விசாரித்தவர், "வண்டியில் முட்டுக்கட்டை வைத்திருக்க வேண்டுமே, எங்கே?" என்று கேட்டார். இபுராகிம் என் பக்கம் திரும்பினார். ஒரு மூச்சு விடுகிற நேரம். நான் சொல்வேன் என்று காத்திருந்தார் என்றுதான் நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்தேன்.

"இல்ல சார். தப்புதான்" என்றார்.

நடந்ததை எழுதித் தரச் சொன்னார்கள். எழுதினேன். என் கையெழுத்து மணி மணியாக இருக்கும், வாத்தியார்களெல்லாம் சொல்வார்கள். டயர், சரிவு, களிமண், எல்லாவற்றையும் வரிசையாக எழுதினேன். 'வண்டியில் முட்டுக்கட்டைகள் இல்லை' என்று எழுதினேன். ஏன் இல்லை என்பதை எழுதவில்லை. அடியில் கையெழுத்துப் போட்டேன். எங்கள் வம்சத்தின் முதல் கையெழுத்து அப்படிப்பட்ட ஒரு காகிதத்தில் போய் உட்கார்ந்தது. டிரைவரின் கவனக்குறைவு என்று முடிவு வந்தது. கால் இல்லாதவருக்கு வேலை எப்படியும் போயிருக்கும். ஆனால் கவனக்குறைவு என்ற சொல்லோடு போயிருக்க வேண்டியதில்லை.

இரண்டு வருஷம் கழித்துத்தான், சென்ற தை மாதம், விடுபட்டதை மேலிடத்துக்கு எழுதி அனுப்பினேன். கட்டைகளை எடுத்துப் போடச் சொன்னது நான், வேறு வெட்டிப் போடக் கேட்டபோது தட்டிக் கழித்ததும் நான், காத்திருக்க வேண்டாம் என்று சொன்னதும் நான் என்று எழுதினேன். பதில் வரவில்லை. இந்த மாற்றல் அதனால்தானா என்பதும் எனக்குத் தெரியாது.

அவசரம் என்பது பொய் என்று நான் சொல்லவில்லை. அன்றைக்கு அவசரம் நிஜம். நம் வேலையில் எப்போதும் நிஜமாகத்தான் இருக்கும். ஆனால் அந்த அரை மணியை நான் பஞ்சவர்ணத்துக்காக மட்டும் மறுக்கவில்லை. அம்மிக்குழவி வரும் வரை அந்தக் கரையில் நின்றால், கட்டை எங்கே என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயமும் என்னிடம் இருந்தது. அவசரப்படுகிற போது உங்களுக்குள் வேறு எது அவசரப்படுகிறது என்று ஒரு கணம் பாருங்கள்.

இபுராகிம் இப்போது அறந்தாங்கியில் ஒரு சைக்கிள் கடையில் டியூபுக்குப் பஞ்சர் ஒட்டுகிறார். போன வாரம் போய்ப் பார்த்தேன். புது டிரைவர் ஜீப்பைத் தெரு முனையில் நிறுத்தியிருந்தார். இபுராகிம் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாங்க, நார்த்தாமலை" என்றார். இப்போதெல்லாம் அப்படித்தான் கூப்பிடுகிறார். "கல்லுகில்லு கொண்டாந்தீங்களா?"

மேலிடத்துக்கு எழுதியதைச் சொன்னேன்.

"பதில் வந்துச்சா?"

"வரல."

"வராது." டியூபைத் துடைத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி எழுதிருந்தா வந்துருக்கும்."

பிறகு கேட்டார். "அந்தப் பொண்ணு?"

"மறுபடி முழுகாம இருக்கு. ஏழு மாசம்."

"இந்தத் தடவையாச்சும் வலி வாரதுக்கு முன்னாலயே இங்கிட்டுக் கொண்டாந்து வச்சுருங்க."

"நான் மாத்தலாகிப் போறேன் அண்ணே. புதுசா வர்ற பிள்ளைகளுக்கு எழுதி வச்சுட்டுப் போறேன்."

தலையாட்டினார். பசையை விரலால் தடவி, வாயால் ஊதிக் காய வைத்தார். பிறகு நிமிராமலே, "வண்டியில கட்டை இருக்கா?" என்றார்.

"இருக்கு."

"பாத்தீங்களா? இல்ல, இருக்குன்னு சொல்லுறீங்களா?"

அன்று காலை நான் பார்க்கவில்லை.

எழுந்தேன். வெயிலில் தெரு முனை வரை நடந்து போய், ஜீப்பின் பின்னால் ஏறி, ஆசனத்துக்கு அடியில் கையை விட்டேன். புதிதாக வெட்டிப் போட்ட இரண்டும் இருந்தன. வெளியே எடுத்துக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துவிட்டுத் திரும்பி வந்து சொன்னேன்.

"இருக்கு."

"சரி" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த டியூபை எடுத்தார்.